ஷூவின் யோக்கியதை இறக்கத்தில் தெரியும்

தேனியிலிருந்தும் போடியிலிருந்தும், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூரிலிருந்தும் வந்திருக்கிற ஓட்டக்காரத் தம்பி தங்கைகளே, விடிகாலையில் முல்லைப் பெரியாற்றுக் கரையில் நடக்கிற பெரியவர்களே, பிள்ளைகளை மைதானத்தில் விட்டுவிட்டுக் காத்திருந்து பழகிய தாய்மார்களே, முன்வரிசையில் செருப்புக் கடைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களைக் கொஞ்சம் சீண்டுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் எடுத்துக்கொண்ட பொருள், மலைப்பாதையில் ஓடுகிறவர்களின் ஷூ. போயும் போயும் ஷூவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகுகிற தம்பிகளிடம் பேச உண்மையிலேயே அதிகம் இல்லை. மைதானம் சமமாக இருக்கிறது. காலுக்குப் பொருந்துகிற சாதாரண ஓட்ட ஷூ போதும். நான் பேச வந்தது மைதானத்தை விட்டு மலைக்குத் திரும்புகிறவர்களிடம். அவர்களுக்கு ஒரே ஒரு சேதி வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் எல்லா ஷூவும் நல்ல ஷூதான். அதன் யோக்கியதை இறக்கத்தில்தான் தெரியும்.

நம் மலையை ஒரு தடவை மனசுக்குள் ஏறிப் பார்ப்போமா? போடியிலிருந்து குரங்கணி. அங்கிருந்து குதிரைப் பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாற்றுத் தேயிலை குண்டளைச் சிறு ரயிலில் வந்து டாப் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கியது. மனிதன் அன்றும் காலால்தான் இறங்கினான், இன்றும் காலால்தான் இறங்குகிறான். தேர்தல் வந்தால் இந்தப் பக்கத்து மலை ஊர்கள் சிலவற்றுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பாதை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தப் பாதையின் தரையைப் பாருங்கள். அடிவாரத்தில் சரளை, மிதித்தால் உருளுகிற சின்னக் கல். இரண்டு பக்கமும் உடைமுள். கொஞ்சம் ஏறினால், குளம்பும் காலும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கல். அப்புறம் புல்சரிவு. அதற்கு மேலே காப்பியும் ஏலமும். நிழலில் மட்கிய இலை, ஈரம், அட்டை. உச்சியில் தேயிலை. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையை மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. போடியில் காற்றுதான் புழுதியைக் கிளப்பும். போடிமெட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஓட்டத்தில் காய்ந்த சரளையும் பாசி பிடித்த பாறையும் சேறும் வந்துவிடும். சேற்றுக்கு ஒரு ஷூ, பாறைக்கு ஒரு ஷூ என்று வெளிநாட்டுக்காரர்கள் அலமாரியில் அடுக்கி வைக்கலாம். நம் தரை ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் கேட்கும்.

சரி, இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது என்ன நடக்கிறது? முன்பாதம் ஊன்றுகிறது, மூச்சு வாங்குகிறது, வேகம் குறைகிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுகூட ஏறிவிடலாம். இறங்கும்போது என்ன நடக்கிறது? ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் விழுகிறது. தொடையின் முன் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அது இந்த பிரேக்கின் வலி. அந்த நேரத்தில் ஷூவுக்குள்ளே பாதம் முன்னால் சறுக்குகிறது. கட்டைவிரல் முன்சுவரில் இடிக்கிறது. இடித்த இடத்திலேயே இடிக்கிறது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் நகம் கறுத்திருக்கிறது. பத்து நாளில் நகம் கழன்று வருகிறது. கறுத்த நகத்தை வீரத்தழும்பு என்று போட்டோ எடுத்துப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீரம் ஒன்றும் இல்லை தம்பி, அளவு தப்பு. அவ்வளவுதான்.

அளவு ஏன் தப்புகிறது? கடைக்குப் போகிறோம். "எட்டாம் நம்பர் குடுங்கண்ணே" என்கிறோம். அவரும் எட்டைக் கொடுக்கிறார். முன்னால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். பக்கவாட்டில் பிடிக்கிறதே என்றால் ஒரு வேதவாக்கு சொல்கிறார்: "போடப் போட லூசாயிரும்ணே." தோல் செருப்புக்கு இது உண்மை. தோல் இழுபடும், காலுக்கு வழிவிடும். இன்றைய ஓட்ட ஷூ வலைத்துணியும் பிளாஸ்டிக் பூச்சுமாகச் செய்தது. அது கிழியும், விரியாது. கடையில் பிடித்தால் மலையிலும் பிடிக்கும். மலையில் கூடவே பிடிக்கும், ஏனென்றால் ஒரு மணி நேரம் ஓடினால் பாதம் வீங்குகிறது.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்த எட்டாம் நம்பர் யாருடைய காலை அளந்து வந்தது? வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவுமுறை அது. பாதத்தின் நீளத்தைக் கேட்கும், அகலத்தைக் கேட்காது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். தெரியவந்தது என்ன? நம் ஆட்களின் பாதம் அகலம். அகலம் போதாததால் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். பெரிதாக வாங்கியதால் நீளம் மிஞ்சுகிறது. நீளம் மிஞ்சியதால் கால் உள்ளே ஓடுகிறது. சமதளத்தில் இது சின்னத் தொந்தரவு. இறக்கத்தில் விழுவதற்கே இது காரணமாகிவிடும். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். பல கம்பெனிகளின் பெண்கள் ஷூ, ஆண்கள் ஷூவைவிட ஒடுக்கம். அகலப் பாதமுள்ள தங்கைகள் கூச்சப்படாமல் ஆண்கள் வரிசையில் போட்டுப் பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் லேஸை மாற்றிக்கொள்ளலாம்.

நம் பாதம் ஏன் அகலம்? சின்ன வயதில் வெறுங்காலில் திரிந்தவர்களின் பாதம் அப்படித்தான் விரிகிறது. 2009-ல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் தென்னிந்தியாவுக்கு வந்து, வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்தவர்களை அளந்து இதையே எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1992-ல், ராவ், ஜோசப் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் பாதத்தைப் பார்த்தார்கள். செருப்பு போட்டுப் பழகிய குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம். போடாத குழந்தைகளில் 2.8 பேருக்குத்தான். இதைச் சொல்வதால் நாளைக்கே எல்லோரும் வெறுங்காலில் ஓடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். உடைமுள்ளுக்கு ஆராய்ச்சி தெரியாது. நான் கேட்பது வேறு. இயற்கை விரித்து வைத்த பாதத்தை, முன்பக்கம் கூம்பிய ஷூவுக்குள் ஏன் திணிக்க வேண்டும்?

அப்படியானால் எப்படி வாங்குவது? சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் பருத்திருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். ஷூவைக் காலில் மாட்டும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே இருக்கிற மெத்தை அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் அட்டையை விட்டு வெளியே வழிகிறதா? வழிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு காலையும் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று பெரிது. பெரிய காலுக்கு வாங்குங்கள். பிறகு படிக்கட்டு. கடை மாடியில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வேகமாக இறங்குங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ குரங்கணிக்கு ஆகாது. சாலையில் ஓடி மைல் தேய்க்கிறவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிடலாம். மலைக்காரர்கள் விடக் கூடாது.

இன்னொன்று, எல்லோருடைய ஷூவிலும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. லேஸ் துளைகளில் கடைசியாக, கணுக்காலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி ஒரு துளை இருக்கும். அது அழகுக்கு வைத்தது இல்லை. லேஸை அந்தத் துளையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுதாக இழுத்துவிடாமல் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு காது மாதிரி வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. இப்போது வலது லேஸின் நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, பின்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் இழுங்கள். குதிகாலை ஷூ கவ்விப் பிடிப்பது தெரியும். பிறகு வழக்கம்போல முடிச்சு. மேலே ஏறும்போது முடிச்சு கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். உச்சியில் தண்ணீர் குடிக்க நிற்கிறோமே, அப்போது குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டு இறங்குங்கள். பத்துப் பைசா செலவில்லாத வைத்தியம். இதைச் செய்யாமல் பதினைந்தாயிரம் ரூபாய் ஷூவை இரண்டு நாளில் விற்கப் போட்டவர்கள் உண்டு.

இனி அடிப்பாகம். இங்கே ஜீப் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போடிமெட்டின் 17 வளைவில் தினம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற டிரைவரிடம் டயரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டன் தேய்ந்த டயரோடு மழையில் இறங்குவாரா? மாட்டார். ஷூவின் அடியிலும் அதே பட்டன்தான். ஆனால் இங்கே ஒரு மயக்கம் இருக்கிறது. பட்டன் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆறு மில்லிமீட்டர் பட்டன் சேற்றுக்கு ராஜா. அதே பட்டன் கல்மேல் ஏறினால் நுனியில் நின்று ஆடும். ஷூவின் அடி முழுதும் கல்லைத் தொடாது. நம் பாதையில் சேற்றைவிடக் கல் அதிகம். சுமார் நாலு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் இரண்டுக்கும் தாங்கும் என்பது என் கணக்கு.

பாசி பிடித்த ஈரப் பாறையில் பட்டனுக்கு வேலையே இல்லை. குத்திப் பிடிக்க அங்கே மண் ஏது? அங்கே பிடிப்பது ரப்பரின் குணம். மென்மையான ரப்பர் பாறையின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிக்கும். கட்டி ரப்பர் வழுக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மென்மையான ரப்பருக்கு ஒரு குறை, சீக்கிரம் தேயும். மலை ஷூவைப் போட்டுக்கொண்டு தேனி தார் ரோட்டில் தினமும் ஓடினால் நாலே மாதத்தில் பட்டன் மொட்டையாகி, மலைக்குப் போகிற அன்றைக்குக் கை விரிக்கும்.

இந்தப் பட்டன் வந்த கதையும் துக்கமான கதைதான். 1935-ல் இத்தாலியில் விட்டாலே பிரமானி என்ற மலையேறி, ஆல்ப்ஸ் மலையில் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார். அந்தப் பாறைக்கும் குளிருக்கும் அவர்கள் காலில் இருந்த பூட்ஸ் தாங்கவில்லை. அந்த வேதனையோடு பிரெல்லி டயர் கம்பெனியின் துணையைத் தேடி, 1937-ல் ரப்பரில் பட்டன் வைத்த அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். விப்ரம் என்று மஞ்சள் முத்திரை போட்ட ஷூக்களைப் பார்த்திருப்பீர்களே, அது அவர் பெயரைச் சுருக்கி வைத்ததுதான்.

டயர் கம்பெனி என்றதும் நம் ஊர் டயர் செருப்பு ஞாபகம் வரவில்லையா? சந்தையில் லாரி டயரை வெட்டி, வார் வைத்துத் தருவார்களே, அதைப் போட்டுக்கொண்டு வாழ்நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய பெரியவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அதைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் லெட்வில் என்ற மலை ஊரில் நூறு மைல் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 1993-ல் அதில் ஜெயித்தவர் மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சுர்ரோ. வயது 55. காலில் இருந்தது டயர் ரப்பரை வெட்டிச் செய்த செருப்பு.

எப்படி முடிந்தது? காலை எங்கே வைப்பது என்று அந்தப் பழங்குடி மக்களுக்குத் தெரியும், நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். சித்ரா பௌர்ணமி அன்றைக்குக் கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து கண்ணகி கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தில் வயதான அம்மாக்களின் காலைக் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் வெறுங்கால். இறங்கும்போது எட்டி வைக்க மாட்டார்கள். சின்னச் சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், பாதம் முழுதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். பக்கத்தில் விலையுயர்ந்த ஷூவோடு வருகிற பையன் குதிகாலை ஊன்றி எட்டி வைத்துச் சறுக்கி விழுவான். "மெதுவா வா சாமி" என்று தூக்கிவிடுகிறவள் அந்த அம்மாதான். ஷூ பிடிப்பைத் தரும். அடி வைக்கிற பழக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

அடி தடித்த ஷூக்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2009-ல் பிரான்ஸ் மலைப்பகுதியில் தொடங்கிய ஹோகா கம்பெனி இந்தத் தடித்த அடியைக் கொண்டுவந்ததே இறக்கத்தில் வேகமாக ஓடத்தான். முழங்காலுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதம் தரையிலிருந்து உயர உயர, கல் புரளும்போது கணுக்கால் பிசகுகிற வாய்ப்பும் கூடும். புல்சரிவுக்கும் தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டுக்கும் நல்லது. குதிரைப் பாதைக் கல்லுக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கூர்க்கல் குத்தாமல் இருக்க அடிக்குள்ளே மெல்லிய தகடு வைத்த ஷூக்கள் உண்டு. அதுவே போதும் என்பேன்.

தண்ணீர் புகாத ஷூ வேண்டுமா? வேண்டாம். வெளியிலிருந்து புகாது, சரி. ஓடையில் கணுக்கால் ஆழம் இறங்கினால் மேல்வழியாகப் புகுமே, அப்போது வெளியே எப்படிப் போகும்? அங்கேயே தங்கும். ஊறின தோலில் கொப்புளம் வரும். வலைத்துணி ஷூ நனையும். ஓட ஓடக் காய்ந்தும்விடும். அட்டைக்குப் பயந்தால் நீளச் சாக்ஸைப் போட்டு, தோட்டத்து ஆட்கள் செய்வதுபோலப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்ளுங்கள்.

இந்த மேடையில் குரங்கணி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலை ஆசையோடு வந்த இளம் பிள்ளைகள். காய்ந்த புல்லில் காற்றோடு சரிவேறுகிற தீயை மிஞ்சி ஓடவைக்கிற ஷூவை உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை முறையாகத் திறந்தது. நம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. அனுமதியோடு போங்கள், வழிகாட்டியோடு போங்கள். காட்டைக் காவல் காக்கிறவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். கோடையில் பாதையை மூடினால் மூடினதுதான். "ஓடிட்டு வந்துர்றோம் சார், அரை மணி நேரம்தான்" என்று கெஞ்சுகிற வேலை வேண்டாம்.

கடைசியாக விலை. மூவாயிரத்துக்கும் மலை ஷூ கிடைக்கிறது, பதினைந்தாயிரத்துக்கும் கிடைக்கிறது. விலை கூடினால் எடை குறையும், ரப்பர் மேம்படும். அளவு மேம்படாது. அகலம் சரியாக அமைந்த மூவாயிரம் ரூபாய் ஷூவையே வாங்குங்கள். ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடினால் உள்மெத்தை செத்துவிடும் என்பது பொதுக்கணக்கு. மேலே பளபளப்பாக இருந்தாலும் அது செத்ததுதான். நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். பசை விட்டு வாயைப் பிளக்கும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள். வாய் பிளந்ததை பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தால் சுற்றிலும் தையல் போட்டு அருமையாகத் தருவார். ஆனால் அவரிடம் மலைக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அடியில் பள்ளம் கீறி, நூல் அதற்குள் அமுங்கும்படி தைப்பார். சொல்லாவிட்டால் நூல் வெளியே நிற்கும், இரண்டே ஓட்டத்தில் கல் அறுத்துவிடும்.

நான் பேசியது போதும். இனி உங்கள் முறை. மலைக்குப் போட்டுப்போகிற ஷூவோடு வந்திருக்கிறவர்கள் கழற்றி இந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள். வெட்கப்படாதீர்கள், இங்கே எல்லார் சாக்ஸிலும் ஓட்டை இருக்கிறது. அடியைத் திருப்பி, எந்தப் பக்கம் பட்டன் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைக்கார அண்ணன்களும் மேலே வாருங்கள்.